பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

டீச்சர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் ஆளுக்கொரு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மூடிவையுங்கள். எந்த ஒலியை முதலில் சொல்லித்தர வேண்டும், எந்த அட்டையை எப்போது காட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்வதைவிட நன்றாகவே இருக்கிறது. நான் முப்பத்தோரு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதில் இருபத்தொன்பதாவது வருஷத்தில்தான் நான் செய்துகொண்டிருந்த ஒரு தப்பு எனக்குத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததுகூட நான் இல்லை, எட்டு வயசுப் பிள்ளை ஒன்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு வீடு ராஜபாளையம், பள்ளி மம்சாபுரத்தில். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒரே அறை, நான் ஒருத்திதான் டீச்சர். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள் மாரீஸ்வரி. மாரி என்று கூப்பிடுவோம். அவள் அம்மா பேச்சியம்மாள் ராஜபாளையத்துப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். புருஷன் இல்லை. பிள்ளை சேர்ந்து ஒரு மாசம் ஆகியிருக்கும், மில் வேனிலிருந்து இறங்கி நேரே வகுப்புக்கு வந்து சண்டைக்கு நின்றாள்.

"ஒரு மாசமா இங்கதான் வாரா. அனா ஆவன்னா சொல்லுடின்னா முழிக்கா. 'ட'ங்கா, 'ப'ங்கா, 'ம'ங்கா. இது என்ன டீச்சர் படிப்பு? எங்க தெருவுல கேட்டுட்டுச் சிரிக்காக."

இந்தச் சண்டை உங்களுக்கும் வரும், பழகிக்கொள்ளுங்கள். அகர வரிசையை ஒப்பிக்க வைக்காமல், அடிக்கடி சொல்லாகச் சேரும் எழுத்துகளின் ஒலியை முதலில் கொடுக்கிறோம், அந்த ஒலிகளைச் சேர்த்து வாசிக்க வைக்கிறோம், ஒன்று பதிந்த பிறகுதான் அடுத்தது என்றெல்லாம் தாய்மார்களிடம் விளக்கினால் ஏறாது. நான் சாக்பீஸை எடுத்துத் தரையில் 'படம்' என்று எழுதி மாரியைக் கூப்பிட்டேன். அவள் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து ஒலியைச் சொல்லி, பிறகு மூன்றையும் சேர்த்து 'படம்' என்றாள். பேச்சியம்மாள் தரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் அவள்.

"இத யாரும் சொல்லிக்கொடுக்காம அவளாவா சொன்னா?"

"அவளாத்தான் சொன்னா."

அதோடு சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அதுதான் வேதம். "டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்த நம்பிக்கை எனக்கு ருசித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒலியைச் சொல்லித்தருகிறவர்கள் வாயைக் காட்டித்தான் சொல்லித்தர வேண்டும். உதடு எங்கே ஒட்டுகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. வாயை நன்றாகத் திறந்து, ஒலியை நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். வருஷக்கணக்கில் செய்ததில் அது உடம்போடு ஒட்டிவிட்டது. எந்தப் பிள்ளை வாசித்தாலும் அதற்கு முன்னாலேயே என் உதடு அந்தச் சொல்லை ஓசையில்லாமல் சொல்லிவிடும். "பஸ் போர்டக்கூட வாயசைச்சுத்தான் படிக்கா எங்க வீட்டம்மா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இன்னொரு வித்தையும் நமக்கு உண்டு. எதிரில் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால், பிள்ளை கையில் இருக்கும் பக்கத்தைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்திருக்கும். ஆக, பிள்ளை எதைப் பிரித்தாலும் எதிரில் என் கண் தலைகீழாக ஓடும், உதடு அசையும். இப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் வகுப்பு வருவதற்குள் மாரி பள்ளிக்கே நட்சத்திரமாகிவிட்டாள். தங்குதடையில்லாத வாசிப்பு. ஒரு முறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, பாடப் புத்தகம் வேண்டாம் என்று தன் பையிலிருந்து ஏதோ ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதையும் வாசித்தாள், ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மாரிக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் தற்காலிக வேலைக்கு வந்திருந்தாள். உங்கள் வயசுதான். ஒருநாள் மத்தியானம் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லவா டீச்சர்? வாசிக்கும்போது மாரி புத்தகத்தவிட ஒங்க மொகத்தத்தான் நெறையப் பாக்கா."

"பாசம்மா அது. நீயும் பத்து வருஷம் குப்பகொட்டு, ஒன்னையும் பாக்கும்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்த் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த கொழுப்பு அவ்வளவு.

பிறகு கொரோனா வந்தது. பள்ளியைப் பூட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தெருவில் இருந்த சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தோம். பள்ளி திறந்து மாரி மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் மாஸ்க் போட வேண்டும் என்று உத்தரவு. போட்டோம், தாடைக்குக் கீழே. பிள்ளைக்கு வாய் தெரிய வேண்டுமே என்று எனக்கு ஒரு நியாயமும் இருந்தது.

அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு நெருக்கடி வந்தது. மில்லில் ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களை மாற்றி மாற்றி ஷிப்டு போட்டார்கள். அவள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியும் கைவிரித்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. இலவசமாகத் தங்க வைத்துப் படிக்க வைப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலி. நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள்.

"அந்த எடம் கெடச்சா நான் மில்ல விட வேணாம் டீச்சர். இல்லன்னா கூலி வேலதான். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க" என்று பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

எழுதிக் கொடுத்தேன். 'எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் வாசிப்பாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தேர்வு நாளன்று மூன்று பேரும் பஸ் ஏறினோம். பேச்சியம்மாள் ஒரு பையை மடியில் வைத்திருந்தாள். அதில் விடுதிக்கென்று வாங்கிய தட்டும் டம்ளரும். அந்தப் பள்ளித் தலைமையாசிரியை கறாரானவர். வாசலிலேயே என்னை நிறுத்தி, "மாஸ்க் மூக்குக்கு மேல இருக்கட்டும் டீச்சர்" என்றார். எத்தனையோ மாசங்களில் அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் போட்டேன் என்று நினைக்கிறேன். தாயை வெளியே இருக்கச் சொன்னார். வாசிக்கிற பிள்ளைக்கு மட்டும் மாஸ்க்கைக் கழற்ற அனுமதி கொடுத்தார். "பிள்ளை பயப்படாம இருக்கணும், நீங்க எதிர்ல உக்காருங்க" என்று எனக்கு ஒரு நாற்காலி காட்டினார். பேச்சியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

தாளில் ஐந்தே வரி. தேனீயைப் பற்றி. முதல் சொல்லே 'தேனீ'.

மாரி தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி தாள், மறுபடி நான். பயந்துவிட்டாள் என்று நினைத்து, வாசி என்று தலையசைத்தேன். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற பிள்ளைபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"டீச்சர், மாஸ்க்க எறக்குங்க."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "எதுக்கும்மா?"

"அப்பத்தான் வாசிக்க வரும்."

மாஸ்க்குக்குள் என் உதடு அசைந்துகொண்டிருந்தது. துணி உதட்டில் உரசி உரசி விலகுவது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. தே... னீ. நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பாதி எழுத்து தெரியும். மீதிக்கு என் முகம் இருந்தது. அந்தத் தற்காலிகப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பரவாயில்ல டீச்சர், செத்த நேரம் எறக்குங்க. ஒங்க மொகத்தப் பாத்தா தைரியமா வாசிப்பா" என்றார் தலைமையாசிரியை. கறாரான மனுஷி, அன்றைக்குப் பார்த்து இளகிவிட்டார்.

நிறையப் பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். உங்களிடம் மறைக்கவில்லை. என் கை காது வரைக்கும் போனது. மாஸ்க் நாடாவை விரலில் பிடித்துவிட்டேன். இறக்கியிருந்தால் ஐந்து வரியையும் மாரி கடகடவென்று வாசித்திருப்பாள். இடம் கிடைத்திருக்கும், பேச்சியம்மாளுக்கு மில் வேலை நிலைத்திருக்கும், என் கையெழுத்தும் மானத்தோடு இருந்திருக்கும். ஜன்னலில் அவள் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

என்னைத் தடுத்தது நேர்மை என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலையை நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் இந்த விடுதியில் பிள்ளை தனியாக இருக்கும். முன்னால் ஒரு புத்தகத்தை வைப்பார்கள். அது தலையை நிமிர்த்தித் தெரியாத முகங்களில் என் உதட்டைத் தேடும். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. கையைக் கீழே போட்டேன்.

"இவளுக்கு வாசிக்க வராதுங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது."

தலைமையாசிரியை மேஜைமேல் இருந்த என் கடிதத்தை எடுத்தார். "நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஆமா. தெரியாம எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷம் நாலாம் வகுப்பில் ஓர் இடம் வரும், அப்போது வேண்டுமானால் கூட்டிவாருங்கள் என்றார். காலியாக இருந்த இடம் அன்றைக்கே வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேச்சியம்மாள் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். மம்சாபுரம் வரப் போகும்போது என் பக்கம் திரும்பினாள்.

"செத்த நேரம் அந்தத் துணிய எறக்கியிருந்தா ஒங்க உசுரா போயிருக்கும் டீச்சர்?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியல பேச்சி. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

"இம்புட்டு நாளா தெரியும் தெரியும்னீக. இன்னைக்கித் தெரியாதுங்கீக. நான் எத நம்ப? எனக்கு ஒரு எழுத்துத் தெரியாதுன்னுதான அம்புட்டும்?"

அவள் அடுத்த வாரம் மில்லிலிருந்து நின்றுகொண்டாள். உள்ளூரில் களையெடுக்கப் போனாள். வெயிலில் கறுத்துப்போய், சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வருவாள். வாசலில் நின்று பிள்ளையை மட்டும் கூப்பிடுவாள். என் பக்கம் பார்க்கவே மாட்டாள். நான் செய்தது சரிதான் என்று அந்த நாட்களில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை.

ஆனால் வேலை இருந்தது. மறுநாளே, அப்போதும் எங்கள் பள்ளியிலேயே இருந்த அந்தத் தற்காலிகப் பெண்ணிடம் போய், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். அவள் அதைப் பெரிசுபடுத்தவில்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாரியின் முதுகுக்குப் பின்னால் போட்டாள். "இனிமே இங்க உக்காருங்க டீச்சர்" என்றாள். நான் நாள் கணக்கில் யோசித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, முன்னால பாரு" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "ஏன் டீச்சர் எம்மேல கோவமா இருக்கீக?" என்று கேட்டு அழுதாள். கோபம் இல்லை என்று முகத்தைக் காட்டிச் சொல்லவும் எனக்கு வழியில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆரம்பத்திலிருந்து ஒலி ஒலியாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். தனி எழுத்துகள் சரியாக வந்தன. துணைக்கால் வந்தது. சுழியும் வந்தது. கெ, தே என்று கொம்பு போட்ட எழுத்துகளில் சுவரில் முட்டியதுபோல நின்றாள். கொம்பு எழுதும்போது எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் குழப்பந்தான், அதனால் நான் அதைப் பதினைந்து நாள் நிதானமாக நடத்துவேன். பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் கொம்பு நடத்திய பதினைந்து நாளும் மாரிக்கு அம்மை போட்டிருந்தது. பள்ளிக்கே வரவில்லை.

திரும்பி வந்தபோது வகுப்பு அதைத் தாண்டிப் போயிருந்தது. ஒன்று பதிந்த பிறகுதான் அடுத்தது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், அவளுக்காக அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பிள்ளை என்ன செய்யும்? கேட்கப் பயந்திருக்கும். நிமிர்ந்து பார்த்திருக்கும். அங்கே என் உதடு தயாராக இருந்தது. பிள்ளை ஏமாற்றவில்லை, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொடுத்ததை எடுத்துக்கொண்டது.

மிச்சப் பிள்ளைகளையும் பின்னால் உட்கார்ந்து சோதித்தேன். இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிட்டு மேல் வகுப்புக்குப் போனார்களோ தெரியாது. அவர்களைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மாரிக்குக் கொம்பு பிடிபட மூன்று வாரம் ஆனது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. முன்பிருந்த வேகம் போய்விட்டது. எழுத்துக்கூட்டி, திக்கித் திணறி, விரலை வைத்துத்தான் வாசித்தாள். அந்தப் பழைய கடகடப்பைக் கேட்டுப் பழகிய எனக்கே முதலில் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஜூன் மாசம் மறுபடி மூன்று பேரும் பஸ் ஏறினோம். பேச்சியம்மாள் இந்தத் தடவை தட்டும் டம்ளரும் கொண்டுவரவில்லை. அதே அறை, அதே தலைமையாசிரியை. மாஸ்க் போடும் காலம் முடிந்திருந்தது. போன வருஷம்போலவே எதிரில் நாற்காலி காட்டினார். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாரியின் பின்பக்கச் சுவரோரம், சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தேன். தாள் எனக்குத் தெரியாது. அவள் முகமும் தெரியாது. இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக, ஒரு பிள்ளை என்ன வாசிக்கப் போகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

மாரி ஆரம்பித்தாள். மலை அணிலைப் பற்றிய பாடம். மெதுவாகத்தான் வந்தது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாள். நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தானாகவே திரும்பிப் போய், அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சரியாக வாசித்துவிட்டு மேலே போனாள். பழைய மாரி தப்பே விட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பே விடாத பிள்ளையைப் பார்த்து நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மலை அணில் ஒரு கூட்டோடு நிற்காதாம். பல மரங்களில் பல கூடுகள் கட்டுமாம். எங்கள் ஊர் மலையில் இருக்கிற அணில்தான், ஆனால் இது எனக்குத் தெரியாது. மாரி வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். சுவரைப் பார்த்தபடி அழுதுவிட்டேன்.

இடம் கிடைத்தது. தலைமையாசிரியை அப்போதே எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பேச்சியம்மாளிடம், "வாசிச்சிட்டா பேச்சி, எடம் கெடச்சிருச்சு" என்றேன். அவள் "ம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்கள் பஸ் இன்னும் வரவில்லை. நாலைந்து பஸ்கள் வரிசையாக நின்றன. பேச்சியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், நாங்கள் ஒருநாளும் ஏறாத ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். பிள்ளையை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். தான் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க செத்த அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். எனக்குத் தெரிந்த இரண்டு பேர்கூட நின்றார்கள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி நின்றேன்.

"ஏட்டி மாரி, அந்தப் போர்டுல என்ன போட்டுருக்கு?"

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "சு... ந்... த... ர... சுந்தர... பா... ண்டி... சுந்தரபாண்டியம்."

பேச்சியம்மாள் அதை நம்பிவிடவில்லை. பஸ் பக்கத்தில் நின்ற கண்டக்டரைக் கூப்பிட்டாள். "ஏண்ணே, இந்த பஸ்ஸு எங்க போகுது?"

"சுந்தரபாண்டியம்தாம்மா. ஏறுறியா?"

"இல்லண்ணே, சும்மா கேட்டேன்."

நான் திரும்பியபடியே நின்றேன். திரும்பலாமா கூடாதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையை யாரோ பிடித்தார்கள். களையெடுத்துக் காய்த்துப்போன கை.

"வாங்க டீச்சர். தட்டும் டம்ளரும் எடுத்துட்டு வரணும். நம்ம பஸ்ஸு எதுன்னு அவ பாத்துச் சொல்லுவா."